கொண்டல் காற்றும் மூன்றாம் வாசகமும்

ஜன்னலைச் சாத்த வேண்டாம் தம்பி, காற்று வரட்டும். காற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என் வழக்கெல்லாம் டெரன்ஸ் சாமியோடுதான். எங்கள் பங்குச் சாமியார். முப்பத்தாறு வயது. உரோமையில் போய் வேதம் படித்துவிட்டு வந்தவர். படிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? படித்ததை எல்லாம் எங்கள் ஊரில் கொண்டுவந்து இறக்கி வைத்தாரே, அதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எதுவரைக்கும்? கடைசி நிறுத்தமா? நல்லது. நான் நடுவில் ஆயர் இல்லத்தில் இறங்குகிறேன். பையில் ஒரு மனு இருக்கிறது, சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயரிடமே நேரே கொடுக்க வேண்டும். இன்றைக்குச் செவ்வாய். சனிக்கிழமை இரவு பாஸ்கா. அதற்குள் எனக்குத் தீர்ப்பு வேண்டும். நீங்கள் வேதக்காரரா? இல்லையா? அதுவும் நல்லதுதான். நடுநிலையாகக் கேட்பீர்கள்.

பாஸ்கா என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் நஷ்டம் உங்களுக்குப் புரியும். இயேசு உயிர்த்தெழுந்த இரவு அது. கோயில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெளியே தீ மூட்டி, அதில் பெரிய மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு உள்ளே போவோம். பிறகு வரிசையாக வேத வாசகங்கள். முதலாவது, உலகம் உண்டான கதை. இரண்டாவது, ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதை. மூன்றாவதுதான் மோசே கடலைப் பிளந்தது. எகிப்து ராஜா பார்வோனிடம் அடிமையாய்க் கிடந்த ஜனம் தப்பி ஓடுகிறது. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் தேர்ப்படை. மோசே கையை நீட்டுகிறார். இரவெல்லாம் கீழைக்காற்று அடித்து, கடல் விலகி, ஜனம் நடந்து அக்கரை சேர்கிறது. துரத்தி வந்த தேர்களின் சக்கரம் சிக்கிக்கொள்கிறது. விடியும்போது மோசே மறுபடியும் கையை நீட்ட, கடல் திரும்பி வந்து அத்தனையையும் மூடிவிடுகிறது. மற்ற வாசகங்களில் ஒன்றிரண்டை நேரம் பார்த்து விட்டுவிடலாம், இதை மட்டும் விடக்கூடாது. திருச்சபையின் சட்டம்.

அந்த மூன்றாம் வாசகம் இருபத்து மூன்று வருடமாக என்னுடையது.

நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் தம்பி. முப்பத்தொரு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகிறது, எப்போது எடுப்பார்கள் என்று சொன்னவன். ஞானாதிக்கம் என்ற என் பேரை ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள், டைம் சார் என்பார்கள். "டைம் சார் வாசிச்சா இஸ்ரயேல் ஜனத்துல ஒருத்தரும் வண்டிய விட்டுற மாட்டாங்க" என்று கயித்தான் சொல்வான். கயித்தான் எங்கள் கடற்கரையில் வயதில் மூத்த மீன்பிடிகாரன். அவன் வாயிலிருந்து பாராட்டு வருவது லேசில் இல்லை.

இந்த வருடம் பாஸ்காவுக்கு முந்திய தவக்காலத்தில் டெரன்ஸ் சாமி வெள்ளிக்கிழமைதோறும் வேத வகுப்பு வைத்தார். சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் ஒரு மணி நேரம். முதல் வகுப்பிலேயே எடுத்தது எதை? என் வாசகத்தை. கரும்பலகையில் ஒரு படம் போட்டார். அது பெரிய நீலக்கடலாக இல்லாமல், நாணல் வளர்ந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பாகக்கூட இருந்திருக்கலாம் என்றார். ஒரே திசையிலிருந்து இரவு முழுக்கக் காற்று தள்ளினால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, நாலைந்து மணி நேரம் தரை தெரியுமாம். காற்று நின்றால் தண்ணீர் திரும்பிவிடுமாம். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களாம்.

நான் ஜனங்களைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது எழுந்து கத்துவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கத்தவில்லை தம்பி. மூன்றாம் வரிசையில் இருந்த ரொசித்தா, கடல்பாசி வளர்த்து விற்கிறவள், சந்தோஷமாய்ச் சொல்கிறாள்: "ஆமா சாமி, நம்ம கடல் மாதிரியே!"

எங்கள் ஊருக்குக் கடல் வடக்கே. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாய் அடித்தால் கடல் உள்வாங்கும். வள்ளங்கள் தரை தட்டிச் சாய்ந்து கிடக்கும். வருடத்தில் நாலைந்து தடவை பார்க்கலாம்.

கயித்தான் எழுந்தான். "கச்சான் அடிச்சா தண்ணி போவும், கொண்டல் அடிச்சா தண்ணி வரும். இதுக்கு எதுக்கு சாமி உரோமை வரைக்கும் போனீரு?"

கொண்டல் என்றால் கீழைக்காற்று தம்பி, கிழக்கேயிருந்து வருவது. கோயிலே சிரித்தது. சாமியும் சிரித்தார். "அங்க கரை வேற திசைல இருந்துச்சு கயித்தான். அதனால கொண்டல் அடிச்சு தண்ணி போச்சு. இங்க அடிச்சா உம்ம வலை போவும்" என்றார்.

ரொசித்தா விடவில்லை. "தரை தெரிஞ்சுதுன்னா நண்டு கெடந்திருக்குமே சாமி. ஒருத்தரும் பொறுக்கலயா?"

"அவங்க வழக்கத்துல நண்டு ஆகாது."

"பாவம். அடிமையாவும் இருந்து, நண்டும் தின்னாம."

இப்படியா தம்பி வேதத்தைப் பேசுவது? ஆறு லட்சம் பேர் நடந்த இடத்தை நண்டுப் பொட்டலாக ஆக்கிவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். "சாமி, அப்போ மோசே என்ன, வானிலை அறிக்கை வாசிக்கிறவரா?" என்று கேட்டேன். மைக் இல்லாமலே கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

சாமி நிதானமாய்ச் சொன்னார்: "காத்து எப்படி வந்துச்சுன்னு விஞ்ஞானம் சொல்லும் சார். யாருக்காக வந்துச்சுன்னு வேதம் சொல்லுது. போக்கிடம் இல்லாத ஜனத்துக்காக, அவங்க நின்ன அந்த நேரத்துக்கு வந்துச்சு பாருங்க, அதுதான் அற்புதம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல இருந்தவருக்கு நான் சொல்லணுமா? நேரத்துக்கு ஒண்ணு வர்றது எவ்வளவு பெரிய அற்புதம்னு உங்களுக்குத் தெரியாதா?"

சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடமும் பத்து நொடியும்.

வீட்டுக்குப் போனால் என் மனைவி பிரகாசியும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சிரிப்பு அடக்கத் தெரியாதவள். எங்கள் கல்யாணத்திலேயே சிரித்தாள். "சாமி சரியாத்தான சொன்னாரு" என்றாள்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். அற்புதம் அற்புதம்தான் என்று ஊருக்குக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. தவக்காலத்து நாலாம் வாரம், வியாழக்கிழமை காலை. இரவெல்லாம் கச்சான் அடித்திருக்கிறது. ஐந்தரை மணிக்குக் கடற்கரைக்குப் போனால் கடலைக் காணோம். எப்போதும் கொஞ்சம் உள்வாங்கும், அன்றைக்குக் கால் மைல் வெறும் தரை. பாசியும் சங்கும் சேறுமாய்க் கிடக்கிறது. நடுவில் குருசுத் திட்டு வரைக்கும் தரை தெரிகிறது. அந்தத் திட்டில் ஒரு இரும்புச் சிலுவை நிற்கும். வருடத்துக்கு ஒரு தடவை வள்ளத்தில்தான் போவோம். அன்றைக்குக் காலாலேயே போகலாம் போலிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலுவையடியில் நின்று மூன்றாம் வாசகத்தைச் சத்தமாய் வாசித்துவிட்டுத் திரும்பினால், சாமியின் கரும்பலகை என்ன பதில் சொல்லும்?

வீட்டுக்கு ஓடிப்போய் வேதப் புத்தகத்தை எடுத்தேன். பிரகாசி பார்த்துவிட்டாள். "முழங்கால் வலின்னு மாடிப்படி ஏற மாட்டீங்க. கடல்ல நடக்கப் போறீங்களா?"

"நடக்கல. வண்டில போறேன்" என்றேன்.

என்னிடம் ஒரு மொபெட் இருந்தது தம்பி. இருந்தது என்கிறேன், கவனியுங்கள். மணல் கெட்டியாய்த்தான் கிடந்தது, வண்டி அழகாய் ஓடிற்று. கயித்தான் சாய்ந்து கிடந்த தன் வள்ளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினான். "டைம் சார், எங்க போறீரு? கச்சான் நிக்கப் போவுது. காத்து மாறிச்சுன்னா அப்படியே திரும்பிரும், கேட்டீரா?"

கேட்டது. ஆனால் நான் யாரிடம் வழி கேட்க வேண்டும்? வேதம் என் பைக்குள் இருக்கிறது.

பாதி தூரம் போயிருப்பேன், கச்சான் நின்றுவிட்டது. ஒரு அசைவு இல்லை. வேட்டி நுனிகூட ஆடவில்லை. வண்டியை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் என் வலது கன்னத்தில் லேசாய் ஒரு காற்று. நான் வடக்கே பார்த்து நிற்கிறேன், வலது பக்கம் என்றால் என்ன திசை? கிழக்கு. கீழைக்காற்று! எழுதியிருக்கிறபடியே! மோசே கடலுக்கு வந்த அதே காற்று! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தம்பி. "ஆண்டவரே, அடியேனுக்காகவா" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

கரையில் என்னமோ சத்தம் போட்டார்கள். வாழ்த்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

திட்டுக்கு ஒரு நூறு அடி இருக்கும்போது பின் சக்கரம் இறங்கிற்று. சேறு. அது வண்டியின் குறை, டயர் தேய்ந்திருந்தது. இறங்கித் தள்ளினேன். முன் சக்கரமும் இறங்கிற்று. அப்புறம்தான் பார்க்கிறேன், கணுக்காலில் தண்ணீர். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அலை இல்லை, சத்தம் இல்லை, தரையிலிருந்து ஊறுவது மாதிரி வருகிறது. முழங்கால். தொடை. நான் வண்டியை விடவில்லை. இடுப்பு.

திரும்பிக் கரையைப் பார்த்தேன். ஊரே நின்றது. எல்லோருக்கும் முன்னால் டெரன்ஸ் சாமி, வெள்ளை அங்கியோடு, தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

இதை நன்றாய் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டினார். தண்ணீர் வந்தது.

அவர் "திரும்பி வாங்க சார்" என்று கத்தியதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நெஞ்சுக்குத் தண்ணீர் வந்தபோது ரொசித்தாவும் கயித்தானும் வந்தார்கள். பாசி வளர்க்கிற மூங்கில் மிதப்பு ஒன்றைத் தள்ளிக்கொண்டு. எனக்கு நீந்தத் தெரியாது தம்பி. கடலூரில் பிறந்து... கடலூர் இல்லை, கடல் இருக்கிற ஊரில் என்று சொல்ல வந்தேன். மைக் முன்னால் உட்கார்ந்தவனுக்கு நீச்சல் எதற்கு? ரொசித்தா இருபது அடி தள்ளியிருந்தே கத்தினாள்: "பார்வோனே! வண்டிய விட்டுட்டு மிதப்பப் பிடியும்!"

"முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கு" என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை, கயித்தான் சொல்லித் திரிகிறான்.

ஈரப் பாசியின் மேல் என்னைக் குப்புறப் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. மோசேயும் குழந்தையில் நாணல் கூடையில் மிதந்தவர்தானே. வண்டி போனது போனதுதான். மூன்றாம் நாள் கண்ணாடி மட்டும் ஒதுங்கிற்று.

ஆனால் ஊர் வாயை அடைக்க முடியுமா? டீக்கடையில் "பார்வோனுக்கு ஒரு டீ, சீனி கம்மி" என்கிறார்கள். கோயில் வாசலில் "வழி விடுங்க, தேர் வருது" என்கிறார்கள். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் மோசே கட்சி அல்லவா?

மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் சாமி வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்து, பழத்தை உரித்து, பாதியை அவரே தின்றுவிட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

"சார், உங்கள மாதிரி வாசிக்க இந்த வட்டாரத்துல ஆள் கிடையாது."

"தெரியும் சாமி."

"ஆனா இந்த வருஷம் மட்டும் மூணாம் வாசகத்த ரொசித்தா வாசிக்கட்டும்."

எனக்குக் காய்ச்சல் ஏறிற்று. "ஏன்?"

"தேர்ச்சக்கரம் சிக்கிக்கிட்ட இடம் வருது பாருங்க."

"வந்தா?"

"ஊரே அன்னிக்குக் கரையில நின்னுச்சு சார். நீங்க அந்த வரிக்கு வரும்போது ஜனம் சிரிச்சிரும். பாஸ்கா ராத்திரி சார், வருஷத்துல பெரிய பூசை. ஜனத்த விடுங்க. பீடத்துல நின்னு நானே சிரிச்சிருவேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

கதவுக்குப் பின்னால் பிரகாசியின் வளையல் குலுங்குகிறது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதுதான் இந்த மனு. சட்டப்படி எழுதியிருக்கிறேன். சுருக்கமாய்ச் சொல்கிறேன், கேளுங்கள். ஒன்று: சரியான நேரத்துக்கு இயற்கை ஒத்து வருவதுதான் அற்புதம் என்று மேற்படி சாமியார் கோயிலில் வைத்துப் போதித்தார். இரண்டு: மேற்படி சாமியார் கடலை நோக்கிக் கையை நீட்டிய அதே நேரத்தில் காற்று திரும்பி, நீர் வந்து, மனுதாரரின் வாகனம் மூழ்கியது. மூன்று: ஆகவே அவர் போதனைப்படியே அவர் மனுதாரருக்கு விரோதமாக ஒரு அற்புதம் செய்திருக்கிறார். அவர் தம் போதனை தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், அற்புதத்தைத் தன் பங்கு விசுவாசி மேல் பிரயோகித்ததற்கு விளக்கம் தர வேண்டும். எந்தப் பக்கம் தப்பிப்பார் சொல்லுங்கள்! இரண்டு பக்கமும் சுவர். கடைசியில், மூன்றாம் வாசகத்தை மனுதாரருக்கே திருப்பித் தரும்படி உத்தரவிட வேண்டும் என்று முடித்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். ஆயரும் சிரித்தால் நான் எங்கே போவேன்?

ரொசித்தா மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. என்னைத் தூக்கி வந்தவள். அவள் கஷ்டம் அவளுக்கு. அவள் புருஷன் லியோன் மீன்பிடிக்கப் போன இடத்தில் எல்லை தாண்டினான் என்று அக்கரையில் பிடித்து வைத்திருக்கிறார்கள். நாலு மாதம் ஆகிறது. விசாரணையைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். அதற்கும் வாசகத்துக்கும் என்ன சம்பந்தம்? வாசகம் என்றால் குரல் வேண்டும், உச்சரிப்பு வேண்டும். நேற்று சாயங்காலம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"நான் கேக்கல டைம் சார். சாமிதான் சொன்னாரு. உங்க எடம்னு எனக்குத் தெரியும். வேணாம்னா சொல்லும், நான் சாமிகிட்ட சொல்லிக்கிறேன், நீரே வாசியும். இல்லேன்னா எப்படி வாசிக்கணும்னாவது சொல்லிக்குடும்."

பாருங்கள், என் வாசகம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பயணமே வேண்டாம். ஆனால் சட்டப்படி வாங்க வேண்டும் என்று நினைத்தேன். அதோடு, அவளுக்கு வராது என்று அவளே தெரிந்துகொள்ளட்டும் என்றும் நினைத்தேன். "முதல்ல வாசிச்சுக் காட்டு" என்றேன்.

நிற்கட்டும். அதற்கு முன்னால் உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். இதோ மனு. பேனாவும் இருக்கிறது. பதினோரு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதில் நாலு என் வீட்டில். பிரகாசி போட்டாள், சிரித்துக்கொண்டே போட்டாள், அதனால் கோணலாய் இருக்கிறது. பன்னிரண்டாவதாக நீங்கள் ஒன்று போட்டால் இயேசுவின் சீடர்கள், அப்போஸ்தலர் கணக்காய்விடும். வேதக்காரராய் இல்லாவிட்டால் என்ன? மனுவுக்கு ஆள்தான் முக்கியம்.

ஏன் யோசிக்கிறீர்கள்?

என்ன கேட்டீர்கள்? அவள் வாசித்தபோது யாராவது சிரித்தார்களா என்றா?

இல்லை. சிரிக்கவில்லை.

சரி, சொல்கிறேன். அந்த வாசகம் எப்படி ஆரம்பிக்கும் என்றால், கடவுள் மோசேயிடம் கேட்கிறார்: ஏன் என்னைப் பார்த்து அழுகிறாய், ஜனத்தைக் கிளம்பச் சொல் என்கிற மாதிரி. இருபத்து மூன்று வருடம் நான் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். வண்டி எடுக்கிற நேரம், நிற்க முடியுமா? அவள் அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். புத்தகத்தைத் தாழ்த்தினாள். என்னைப் பார்த்தாள். கோபமாய்ப் பார்த்தாள் தம்பி, நான்தான் எழுதினேன் என்பது போல.

"இதென்ன சார் கேள்வி? வேற யாரப் பார்த்து அழுறது?"

"அடுத்த வரி வாசி" என்றேன்.

வாசித்தாள். முட்டி முட்டி வாசித்தாள். அவளுக்கு ஏற்ற இறக்கம் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் படை, இந்தப் பக்கம் ஜனம், இரவெல்லாம் ஒருவரை ஒருவர் நெருங்கவில்லை என்று வருகிற இடத்தை இரண்டு தடவை வாசித்தாள். ஏன் இரண்டு தடவை என்று நான் கேட்கவில்லை. காற்று அடிக்கிற இடத்தில் மெதுவாய்ப் போனாள், ஒவ்வொரு சொல்லாய், தண்ணீருக்குள் கால் வைத்துப் பார்த்து நடக்கிறவள் மாதிரி. எங்கள் வீட்டு அடுக்களையில் குக்கர் கத்திக்கொண்டிருக்கிறது, பிரகாசி அணைக்கப் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சக்கரம் சிக்குகிற இடம் வந்தது. நான் பிரகாசியைப் பார்த்தேன். இப்போது சிரிப்பாள், சிரித்தால் சாமியின் வாதம் உடைந்துவிடும், ரொசித்தா வாசித்தாலும் சிரிப்பு வரும் என்று மனுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்தில் சிரித்தவள் சிரிக்கவில்லை.

கடல் வந்து மூடுகிற இடத்தில் ரொசித்தா மறுபடியும் நிறுத்திவிட்டாள். "இவங்க வீட்ல எல்லாம் யாரு சார் போயி சொல்லியிருப்பா?"

எகிப்துக்காரர்களைக் கேட்கிறாள். முழுகினவர்களை! அப்படி ஒரு கேள்வி வாசகத்தில் கிடையாது தம்பி. திருச்சபையில் எந்தப் பாப்பரசரும் கேட்டதில்லை. நான் அதட்ட வாயைத் திறந்தேன். அன்றைக்கு நெஞ்சுவரைக்கும் தண்ணீர் நின்றது ஞாபகத்துக்கு வந்தது. மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, பிரகாசிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்றுதான் நானும்... சரி, அதை விடுங்கள். காய்ச்சல் மிச்சம்.

"இப்படி நிறுத்தி நிறுத்தி வாசிச்சா விடிஞ்சிரும்" என்றேன்.

"விடியட்டும் சார்" என்றாள்.

பேச்சைப் பாருங்கள். போகும்போது நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டாள். வா என்று சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கு ஆறு மணிக்கு வருவாள். உச்சரிப்பு ரொம்ப மோசம். நாலு நாளில் சரிசெய்ய வேண்டும் என்றால் லேசா?

கையெழுத்துப் போடவில்லையா நீங்கள்? பேனாவைத் திருப்பித் தருகிறீர்களே. எழுதும் பேனாதான், உதறிப் பாருங்கள். ஓ. போடுவதாக இல்லை.

என்ன கண்டக்டர்? ஆயர் இல்லமா? வந்துவிட்டதா?

போகட்டும் போகட்டும், விசில் கொடுங்கள். நான் இறங்கவில்லை. மேற்கொண்டு டிக்கெட் எவ்வளவு? கடைசி நிறுத்தம் வரைக்கும் ஒன்று கொடுங்கள், அங்கேயே திரும்புகிற வண்டியைப் பிடித்துக்கொள்கிறேன். ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் தம்பி? பதினோரு கையெழுத்தோடு எப்படி இறங்குவது? பதினொன்று என்பது, காட்டிக்கொடுத்த யூதாசு போன பிறகு அப்போஸ்தலரில் மிஞ்சிய எண்ணிக்கை. அதைக் கொண்டுபோய் ஆயர் முன்னால் நீட்டினால் லட்சணமாய் இருக்குமா? நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போது நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமை அந்த வாசகம் என் கையில் இருந்திருக்கும். போய்விட்டது. முழுக்க முழுக்க உங்களால் போய்விட்டது.

ஊரில் கேட்பார்கள். பிரகாசி கேட்பாள், கயித்தான் கேட்பான், அந்த டெரன்ஸ் சாமி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கேட்பார். உங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

அது சரி, உங்கள் பேர் என்ன?